பன்னிரண்டில் சேராத கட்டை

அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் உப்புத்தாள் என்றே கூப்பிட்டார்கள். மரக்கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை என்பது ஒரு காரணம். நாக்கும் அப்படித்தான் என்பது இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரம்பத்தில் நிற்கும் பெரியவர் கோணலாக அறுத்துத் தந்த கட்டையைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, பல்லால கடிச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் வைத்த பெயர்தான் அது. பதிலுக்கு அவள் அவரைத் தூசி மாமா என்றாள். புருவம் வரை மரத்தூள் படிந்த மனிதர், பெயர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்குப் பாடத்துக்கு வேண்டிய மர உருவங்கள் செய்கிற பட்டறை அது. எல்லா விளிம்பும் எல்லா முகமும் ஒரே அளவு, எல்லா மூலையும் ஒரே மாதிரி என்று இருக்கக்கூடிய உருவங்கள் உலகத்தில் ஐந்தே ஐந்துதான். நான்கு முக்கோணம் கூடினால் நாலாங்கட்டை. ஆறு சதுரம் கூடினால் ஆறாங்கட்டை. அப்புறம் எட்டாங்கட்டை, பன்னெண்டாங்கட்டை, இருபதாங்கட்டை. "மொத்தம் அஞ்சு பிள்ளைங்க. ஆறாவதுக்கு ஆண்டவனே கருத்தடை பண்ணிட்டான்" என்பார் தூசி மாமா, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும்.

அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அவள் கணவர். அதற்கு முன் அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் பசை வாளிக்கும் அவளுக்கும் நடுவில் பாதி ஆயுள் போயிருந்தது. அந்த வேலை நின்று, மகளையும் தூரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, "வீட்ல தனியா உட்கார்ந்து சுவரோட சண்டை போடாதே, என்கூட வா" என்று அழைத்துவந்தார். அவர் பட்டறையின் வர்ணக்காரர். முப்பது வருஷத்துக் கை.

அவர் வர்ணம் அடிப்பதைப் பார்க்க ஆறுதலாக இருக்கும். நாலாங்கட்டையின் அடியில் சிறிய துளை போட்டு, அதில் ஒரு குச்சியைச் செருகிக்கொள்வார். குச்சி இடது கையில். தூரிகை வலது கையில். மஞ்சள் டப்பாவில் தோய்த்து ஒரு முகம். இடது கட்டைவிரல் குச்சியை முன்னால் ஒரு தள்ளு தள்ளும், கட்டை உருண்டு அடுத்த முகத்தைக் காட்டும், அதற்கு நீலம். இன்னொரு தள்ளு, பச்சை. எந்த முகத்துக்கு எந்த நிறம் என்று அவர் மாதிரிக்கட்டையைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. தள்ள வேண்டியது கட்டைவிரல், டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார். காய்ந்த பிறகு அவள் குச்சியை உருவித் துளையை அடைத்துத் தேய்த்து, அடிமுகத்துக்குச் சிவப்புப் பூசுவாள். சிவப்பு மட்டும் அவளுடையது.

அப்படி இருந்தவரைத்தான் ஒரு காலையில் பல் துலக்கும் இடத்தில் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது பக்கம். ஆஸ்பத்திரியில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோற்றுக்கும் திரும்பவில்லை, மகள் வந்தபோதும் திரும்பவில்லை. டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "கை கொஞ்சம் கொஞ்சமா வந்துடும். ஆனா பேச்சுல குழப்பம், மறதி, வழக்கமா செய்யறதைத் தப்பா செய்யறது, இப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த மூன்றும் அவள் மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றன.

அவர் சுவரிலிருந்து திரும்பியது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். பட்டறை. ஓனரம்மா வந்து, "உங்க முக்காலியை யாருக்கும் கொடுக்கல, வெயிட் பண்ணுது" என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது வலது கை காலையில் நன்றாகவே ஓடியது. கொஞ்ச நேரத்தில் களைத்துவிடும். களைத்ததும் தூரிகையை இடது கைக்கு மாற்றிக்கொள்ளப் பழகினார். குச்சியைப் பிடிக்க மட்டும் அந்த வலது கை போதுமாயிருந்தது. "பார்த்தியா, ரெண்டு கையும் இப்போ சம்பாதிக்குது" என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. மகளிடம் ஃபோனில் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். ஒரு வகுப்புக்கு வேண்டிய நாலாங்கட்டைகள், ஒவ்வொன்றும் உட்காருவதற்கு முக்கோணப் பள்ளம் வெட்டிய பலகையோடு. எல்லாக் கட்டையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எதுக்கும்மா இவ்வளவு கண்டிப்பு? பசங்க உருட்டி விளையாடத்தானே?" என்றார் தூசி மாமா.

"உருட்டத்தான். ஆனா கணக்கோட" என்று அவர் மாதிரிக்கட்டையைப் பலகைப் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். "இதை எடுத்துத் திருப்பி அதே பள்ளத்துல வைக்கணும். எத்தனை விதமா வைக்கலாம்? நாலு முகத்துல எது வேணா கீழ போகலாம். கீழ போனது மூணு விதமா திரும்பி உட்காரலாம். பன்னெண்டு. அவ்வளவுதான், தலைகீழா நின்னாலும் பதிமூணாவது கிடையாது. ஒரு திருப்பு திருப்பி, அது மேல இன்னொரு திருப்பு திருப்பினாலும், கடைசியில வந்து நிக்கறது அந்தப் பன்னெண்டுல ஒண்ணுதான். எந்தத் திருப்பையும் ரத்து பண்ண அதுக்குள்ளேயே ஒரு திருப்பு உண்டு. சும்மா விட்டாலும் அதுவும் கணக்குல ஒண்ணு."

"சும்மா இருக்கறதும் கணக்கா? அப்போ நான் நாள் பூரா கணக்குதாம்மா போடறேன்."

"இப்படி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாலும் வெளியே போகாத கூட்டத்துக்குக் கணக்குல குலம்னு பேரு."

"குலமா! சரிதான், அசலூர் சம்பந்தமே கிடையாது போல" என்றார் மாமா. பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை, தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு ரெண்டுல நிறம் மாறி வந்துட்டா, திருப்பி வச்சு சரி பண்ணிக்க முடியாதா?"

"அதுதான் முடியாது. உச்சியிலேருந்து பார்த்தா மஞ்சள், நீலம், பச்சை கடிகார முள் சுத்தற பக்கமா போகணும். எதிர்ப்பக்கமா போச்சுன்னா அது கண்ணாடியில தெரியற கட்டை. இடது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்கு ஆகுமா? பன்னெண்டு திருப்புல ஒண்ணுகூட அதை இதாக்காது. அப்படி ஒண்ணு ஒரு பிள்ளை கையில மாட்டினா, எல்லாருக்கும் நீலம் வர்ற இடத்துல அதுக்கு மட்டும் பச்சை வரும். கட்டை தப்புன்னு அது நினைக்காது. தன் புத்தி தப்புன்னு நினைச்சுக்கும்."

முதல் தட்டுக் கட்டைகள் காய்ந்து அவளிடம் வந்தன. சிவப்புப் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் மாதிரியின் பக்கத்தில் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். சில உட்கார்ந்தன. ஒன்று உட்காரவில்லை. மஞ்சளை முன்னால் வைத்தாள். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. நீலத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள், பச்சையைக் கீழே போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு விதத்தையும் தீர்த்து, பதிமூன்றாவதாக ஏதாவது இருக்காதா என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த கட்டையும் அப்படியே. தட்டில் ஏறக்குறைய பாதி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கட்டைகள்.

வழக்கமாகச் செய்வதைத் தப்பாகச் செய்வது. டாக்டரின் மூன்றாவது ஆணி.

எதிரே அவர் சீட்டி அடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். யாருக்கும் பயப்படாத அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தப்பான கட்டைகளை எடுத்து, தேய்த்த மரத்தூளைச் சேர்த்துவைக்கும் தன் தூள் டப்பாவுக்குள் போட்டு மேலே துணியை மூடினாள்.

டாக்டர் சொன்னபடி அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். அந்த நேரம் அவளுக்கு. முதல் கட்டையில் மூன்று முகத்தையும் சுரண்டிப் புதிதாக அடித்தாள். பிறகு தேய்த்துத் தேய்த்தே ஒன்று புரிந்தது: மூன்றும் வேண்டாம், இரண்டு நிறத்தை இடம் மாற்றினால் போதும். எந்த இரண்டு என்பதும் முக்கியமில்லை. எந்த இரண்டை மாற்றினாலும் கட்டை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. வேறு நேரமாயிருந்தால் தூசி மாமாவிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருப்பாள். இப்போது கைக்கு வந்த இரண்டைத் தேய்த்தாள், அடித்தாள், அவர் காலடிச் சத்தம் கேட்பதற்குள் தட்டில் கலந்து வைத்தாள்.

"என்ன உப்புத்தாள், வர்ணத்துக்கும் புரமோஷனா?" என்றார் மாமா.

"உங்க வேலையைப் பாருங்க மாமா. விரல் போயிடப்போகுது" என்றாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ரம்பத்தை ஓட்டப் போய்விட்டார்.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. காய் நறுக்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்பாள்.

"ஏன், காலண்டர் தொலைஞ்சு போச்சா?"

"நம்ம பொண்ணு எந்த மாசம் பொறந்தா?"

"என்னம்மா இது, இன்டர்வியூவா? சம்பளம் எவ்வளவு தருவே, அதைச் சொல்லு முதல்ல."

பதில் எல்லாம் சரியாகவே வரும். அவள் மனம் ஒரு வேளைக்கு ஆறும். மறுநாள் தட்டில் மறுபடி பாதி எதிர்ப்பக்கம் இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் கணவரிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது? கட்டை தப்பாகிறது என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கே அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

அதற்குள் அவரிடம் ஒரு மாற்றம். சீட்டி நின்றுவிட்டது. காய்ந்த தட்டுக்கு முன்னால் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். குளியலறையில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே தனக்குத் தானே ஏதோ முணுமுணுப்பது கேட்டது. கதவில் காது வைத்துக் கேட்டாள், ஒன்றும் புரியவில்லை. முற்றிவிட்டது என்று நினைத்தாள். வாசல்படியில் உட்கார்ந்து அழுது முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் கல்லூரி வண்டி வருவதாக இருந்தது. ஓனரம்மாவின் அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. தடுப்பை ஒட்டி அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே கணவரின் குரல் கேட்டது.

"நான் நின்னுக்கறேம்மா."

"என்னண்ணா, கை வலிக்குதா? நாலு நாள் லீவு எடுத்துக்கங்க."

"கை இல்லம்மா. தலை." கட்டையை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "இந்தக் கட்டையைப் பாருங்க. இந்த முகத்துல மரத்துல ஒரு கணு இருக்கு. மஞ்சள் அடிச்சா கணு கறுப்பா மேல தெரியும். அதனால கணு உள்ள முகம் கடைசியா பச்சைக்கு வர்ற மாதிரிதான் நான் ஆரம்பிப்பேன். முப்பது வருஷமா அப்படித்தான். இதுக்குப் பச்சை அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்போ பாருங்க, மஞ்சள். இது ஒண்ணு இல்ல, நிறைய. நான் செய்யாததைச் செஞ்சதா நினைக்கறேன், இல்லன்னா செஞ்சதை மறக்கறேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் இந்த முக்காலியில நான் உட்காரக் கூடாது. அவகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க. தாங்க மாட்டா."

அட்டைப்பெட்டிகளை அவள் எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த மஞ்சள் நான் அடிச்சது" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க அடிச்சது சிலது மாறி மாறி வந்துச்சு. நான் சுரண்டி வேற அடிச்சேன். நீங்க வாக்கிங் போற நேரத்துல. கணுவைப் பார்க்கல. அவசரத்துல பார்க்கல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கட்டையை மேஜையில் வைத்துவிட்டு, "மாறி வந்ததுல சுரண்டாதது ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தூள் டப்பாவைக் கொண்டுவந்து துணியை எடுத்தாள். தூசி மாமாவும் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கணவர் ஒரு கட்டையை எடுத்து உச்சியிலிருந்து பார்த்தார். இன்னொன்று. பிறகு தன் முக்காலிக்குப் போய் வெறும் கட்டை ஒன்றைக் குச்சியில் செருகி, உலர்ந்த தூரிகையை வலது கையில் பிடித்து, வர்ணம் இல்லாமல் வேலையைச் செய்து பார்த்தார். மஞ்சள். தள்ளு. நீலம். தள்ளு. பச்சை. சரியாக வந்தது. யோசித்தார். தூரிகையை இடது கைக்கு மாற்றினார். குச்சி வலது கைக்குப் போயிற்று. மஞ்சள். கட்டைவிரல் வழக்கம்போல் முன்னால் தள்ளியது. குச்சி எதிர்ப்பக்கமாக உருண்டது.

அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"அடப்பாவி" என்றார் தூசி மாமா மெதுவாக. "கை மாறினதும் நீ கண்ணாடிக்குள்ள போயிட்டு வந்திருக்கே. புத்தி எல்லாம் கல்லாட்டம்தான் இருக்கு."

ஓனரம்மா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கணவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்து, அவள் அடித்த முகம் உள்ள கட்டைகளை மட்டும் பிரித்து ஒதுக்கினார். அவளாலேயே அடையாளம் சொல்ல முடியாததைத் தூரிகை போன தடத்தைப் பார்த்துச் சொன்னார். ஒதுக்கியது பெரிய குவியலாக இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் பேசினார்.

"குளிக்கும்போது தினமும் என் பேரு, உன் பேரு, பொண்ணு பேரு, வீட்டு நம்பர் எல்லாம் ஒரு தடவ சொல்லிப் பார்த்துக்குவேன். இன்னும் இருக்கா, போயிடுச்சான்னு."

அந்த முணுமுணுப்பு. "நான் கதவுக்கு வெளியே நின்னேன்" என்றாள்.

"நின்னே. எனக்கும் தெரியும். என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டு எதிர்லயே உட்கார்ந்து சோறு போட்டிருக்கே. கிழமை கேட்டிருக்கே."

"சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேங்க."

"உடையாமலா இருந்தேன்?"

எதிரே வந்த சைக்கிளுக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். அது போன பிறகும் அவர் தெருவின் அந்த ஓரத்திலேயே நடந்தார்.

மறுநாள் அவர் முக்காலியில் உட்கார்ந்தார்; வேலையை விடும் பேச்சு நின்றது. ஆனால் ஒரு முடிவோடு வந்திருந்தார். இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைத்தால்தான் குழப்பம். ஒரு கை போதும். அந்த ஒரு கை இடது கை. வலது கை இனி வராது என்று அவர் வாயால் சொல்லவில்லை. தூரிகையை இடது கையில் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் தூரிகை பிடித்த கை குச்சியைப் பிடித்துக்கொண்டது. கட்டை எதிர்ப்பக்கம் உருள்வதற்கு ஈடாக நீல டப்பாவையும் பச்சை டப்பாவையும் இடம் மாற்றி வைத்தார். வர்ணக் குவளையில் நின்ற பழைய தூரிகையை, வலது கைக்குத் தேய்ந்து சாய்ந்துபோனதை, துடைத்து ஓனரம்மாவின் அறையில் கொடுத்துவிட்டார்.

மெதுவாகத்தான் போயிற்று. டப்பா மாறினாலும் கை பழைய இடத்துக்கே தானாக நீண்டது. பாதி வழியில் நிறுத்தித் திருப்பிக்கொண்டார். அவள் தேய்ப்பதுபோல் குனிந்துகொண்டு பார்த்தாள். பிறகு குனிவதை விட்டுவிட்டு நேராகவே பார்த்தாள். அவருக்கு அது தெரிந்தது.

ஏழோ எட்டோ கட்டை சரியாக வந்தது. அடுத்ததில் மஞ்சளுக்குப் பிறகு தூரிகை நீலத்தில் தோய்ந்ததை அவள் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் அவர் நடக்கப் போவார். அந்த நேரத்தில் இதை இரண்டே தேய்ப்பில் முடித்துவிடலாம். அவள் கை தன்னையறியாமல் தூள் டப்பாவின் துணியைத் தொட்டது.

எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க" என்றாள். சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்க, பட்டறை முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இது தப்பு. நீலம் போன இடத்துல பச்சை வரணும்."

ரம்பம் நின்றது. அவர் முகம் சிவந்தது. காது வரை சிவந்தது. கட்டையை உச்சியிலிருந்து பார்த்தார். வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் துணியை எடுத்து நீலத்தைத் துடைத்தார். வர்ணம் இன்னும் ஈரமாக இருந்தது; ஒரே இழுப்பில் மரம் தெரிந்தது.

"சரி, போ" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தூள் டப்பாவின் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள். எதிரே அவர் பச்சையில் தூரிகையைத் தோய்த்து, கட்டைக்கு மேலே நிறுத்திக்கொண்டு, வெகுநேரம் கணக்குப் பார்த்துவிட்டு அடித்தார்.